ஏரிக்கரை விடுதியைச் சுண்ணாம்பு, மண், பனையால் புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், தமிழ்நாடு – ஆந்திர எல்லையிலுள்ள ஆரம்பாக்கம் – தடா பகுதியில், ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சிறிய தங்கும் விடுதி எங்களுடையது. உப்புக்காற்றில் அரித்துப்போன அறைகளை இந்த மண்ணில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே புதுப்பித்து வருகிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள், தங்க வருபவர்கள், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

விடுதி யாருக்குச் சொந்தம்?

ஊருக்கு. தனி முதலாளி கிடையாது. எல்லைக்கு இரண்டு பக்கமும் எங்களுக்கு உறவுகள் இருக்கிறார்கள். வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாகப் பேசும் குடும்பங்கள் இவை. ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டுக்கு ஒரு குரல். வருமானத்தில் பராமரிப்புக்கு ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் பிரிக்கிறோம்.

சிமெண்டில் பூசினால் ஒரே வேலையாக முடிந்துவிடுமே, ஏன் இவ்வளவு பாடு?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

ஏரி உவர் நீர். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. கரையோர மண்ணில் உப்பு இருக்கிறது, நிலத்தடி நீரும் மேலாகவே நிற்கிறது. செங்கல் சுவர் அந்த ஈரத்தை அடியிலிருந்து உறிஞ்சி மேலே ஏற்றும். சுவர் மூச்சுவிட முடிந்தால் ஈரம் வெளியே போய்விடும். மேலே சிமெண்ட் பூச்சு இருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, பூச்சைத் தகடு தகடாகத் தள்ளிவிடும். செங்கலும் பொடியாகக் கொட்ட ஆரம்பிக்கும். இந்தக் கரையில் எந்தப் பழைய சிமெண்ட் வீட்டின் அடிச்சுவரைப் பார்த்தாலும் முழங்கால் உயரத்துக்கு அந்த அரிப்பு தெரியும்.

கான்கிரீட்டின் கதை இன்னும் மோசம். உப்பு மெதுவாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் மேல் கான்கிரீட் வெடித்து விழுகிறது. அதைச் சரிசெய்ய வெளியூர் ஒப்பந்தக்காரர், வெளியூர்ப் பொருள், வெளியூர்ப் பணம் எல்லாம் வேண்டும். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். நம்மால் பழுது பார்க்க முடியாத கட்டடம் நம் ஊரில் இருந்தாலும் நம் கையில் இல்லை.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை விடும். உப்பு வந்தாலும் மேற்பூச்சுதான் உதிரும், சுவர் தப்பிக்கும். உதிர்ந்த இடத்தை ஊர்க் கொத்தனாரே ஒரு கரணையோடு வந்து சரி செய்துவிடலாம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை அழிந்துவிட்டது. ஆனால் அங்கே கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானங்கள் இதே உப்புக்காற்றில் இன்னும் நிற்கின்றன. போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

கிளிஞ்சலிலிருந்து. கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுக் காளவாயில் சுட்டால், ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். சுட்டது எடை குறைந்து லேசாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் உள்ளே வேகவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட சுண்ணாம்பை வாங்காதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஏரிப் படுகையைத் தோண்டி நாங்கள் கிளிஞ்சல் எடுப்பதில்லை. இந்த ஏரி பறவைகள் சரணாலயம்; அதன் எல்லைக்குள் எதையும் அனுமதியில்லாமல் எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், படுகையைக் கலக்கினால் இறாலும் நண்டும் எங்கே போகும்? ஏரியை அழித்து ஏரிக்கரை விடுதி கட்டுவதில் எந்த நியாயமும் இல்லை. மட்டிக் கறிக்குப் பிறகு சேரும் ஓடுகள், மீன் ஏலக்கூடங்களில் கழித்துப்போடும் ஓடுகள், போதாததற்கு உரிமம் உள்ள காளவாயில் வாங்குவது, அவ்வளவுதான்.

சாந்து எப்படித் தயார் செய்கிறீர்கள்?

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்ற வேண்டும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடுவதில்லை. சின்னப் பிள்ளைகள் அந்தத் திசைக்கே வரக் கூடாது.

நீற்றியதைச் சலித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி மூடி வைக்கிறோம். ஒரு மாதமாவது ஊறட்டும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெயாக வரும். அவசரப்பட்டு எடுத்தால் நீறாத சிறு கட்டிகள் சுவரில் போன பிறகு நீறி, பூச்சில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும்.

அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஈரம் அதிகம் உள்ள கீழ்ச்சுவருக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து, நன்கு வெந்த செங்கல்லை இடித்த தூளைச் சேர்க்கிறோம். அந்தத் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். மணல் ஆற்று மணலாகவோ கழுவிய மணலாகவோ இருக்க வேண்டும். ஏரிக்கரை மணலை எடுத்தால் நாமே சுவருக்குள் உப்பை வைத்துப் பூசியதாகிவிடும். தண்ணீருக்கும் இதே விதிதான்: நன்னீர் மட்டும்.

கடுக்காய், வெல்லம் எல்லாம் உண்மையிலேயே தேவையா?

தேவை. கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு தண்ணீரில் 10–15 நாள் ஊறவைத்து, அந்த நீரை வடித்துச் சாந்தில் சேர்க்கிறோம். சாந்து கரணைக்கு இணங்கி வரும், சீக்கிரம் காய்ந்து வெடிக்காது. இந்தக் கரையில் பனை வெல்லம் கிடைப்பதால் அதையே போடுகிறோம். ஆனால் கைப்பிடிக் கணக்கில் அள்ளிப்போட வேண்டாம். இனிப்பு கூடினால் பூச்சு இறுகாது, எறும்பும் வரும். கடுக்காய் நீர் சேர்த்தாலும், சுண்ணாம்பு ஊறாமல் இருந்தால் பயனில்லை. பலர் கடுக்காயைப் பற்றியே பேசிவிட்டு ஊறலை விட்டுவிடுகிறார்கள்.

பூசிய பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் கல்லாகும். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்து, ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து வெயில் நேரடியாகப் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுகிறோம். கத்திரி வெயிலில் வெளிச்சுவர் பூசவே கூடாது. தை, மாசியில் பூசுவதுதான் எங்களுக்கு ஒத்துவருகிறது. கடைசி வெள்ளையடிப்பு புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை.

மண் சுவருக்கு எந்த மண்?

ஏரிச் சேறு வேண்டாம், உப்பு. இடிந்த பழைய மண் சுவரின் மண்ணையே மறுபடி ஊறவைத்துப் பிசைந்து பயன்படுத்துகிறோம். மண்ணின் பெருமையே அதுதான், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழும். போதாததற்கு ஊர் நன்னீர்க் குளம் தூர்வாரும்போது, பஞ்சாயத்து அனுமதியோடு கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம்.

சோதிக்க ஒரு கண்ணாடிச் சீசா போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். களி ஆறில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை இருந்தால் நல்லது. அதிகமானால் வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். குறைந்தால் உதிரும். வைக்கோலைச் சிறிதாக வெட்டிப் போட்டு மிதித்துப் பிசைந்து ஓரிரு நாள் புளிக்க விடுவது நல்லது.

மண் சுவர் தரையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. செம்புரைக்கல்லிலோ நன்கு வெந்த செங்கல்லிலோ இரண்டடிக்குக் குறையாமல் பீடம் எழுப்பி அதன் மேல் வையுங்கள். தாழ்வாரம் சுவரை மூட வேண்டும். மண் சுவருக்கு நல்ல செருப்பும் நல்ல குடையும் இருந்தால் அது தலைமுறைகளைப் பார்க்கும்.

கூரைக்கு ஏன் பனை ஓலை? தென்னங்கீற்று மலிவாயிற்றே?

கீற்று ஒன்றிரண்டு வருடம்தான். பனை ஓலையை நெருக்கமாக, நல்ல சரிவில் வேய்ந்தால் மூன்று நான்கு வருடம் தாங்கும். சரிவு 45 பாகைக்குக் குறைந்தால் தண்ணீர் ஓடாமல் நின்று ஓலை மக்கிவிடும். பழவேற்காட்டுப் பக்கம் பெண்கள் பனை ஓலையில் கூடை, பெட்டி முடைவது பழைய தொழில். அந்தக் கைகளே எங்கள் அறைகளுக்கான உள்தட்டியையும் விளக்குக் கூட்டையும் முடைகின்றன.

ஓலைக்காக எந்த மரத்தையும் வெட்டுவதில்லை. பாளை சீவும் பருவத்துக்கு முன் மரமேறுபவர்கள் பழைய மட்டைகளைக் கழிப்பார்கள், அப்போது எடுத்துக்கொள்கிறோம். ஒரு மரத்தில் எல்லா ஓலையையும் வழித்தெடுக்கக் கூடாது, குருத்தும் அதைச் சுற்றியுள்ள இளம் ஓலைகளும் அப்படியே நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் பனை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு. கைமரத்துக்குப் பனை தேவைப்படும்போது இடிந்த வீடுகளின் பழைய பனங்கைகளை விலைக்கு வாங்குகிறோம். வைரம் பாய்ந்த பழைய பனை புது மரத்தைவிட நம்பகமானது. நடுவிலுள்ள மென்மையான உள்சோற்றை நன்றாகச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், பூச்சி அதில்தான் குடியிருக்கும்.

கைமரத்தின் மேல் ஓலையைக் கட்டும் குறுக்குக் கம்புகளுக்கு, அதாவது வரிச்சுக்கு, சவுக்கு. இந்தக் கடற்கரையில் அது பயிர் போல வளர்கிறது. பட்டையை உரித்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, நிழலில் காயவைக்கிறோம். கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு. மூங்கில் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். மூங்கில் நல்ல பொருள்தான், ஆனால் இங்கே விளையவில்லை. தொலைவிலிருந்து லாரியில் வருவதை உள்ளூர்ப் பொருள் என்று சொல்ல மனம் வரவில்லை.

புயல் வந்தால்?

வரும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா காற்றைக் காட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் தண்ணீரைக் காட்டியது. இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு முடிவும்.

காற்றுக்கு: இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை நன்றாகத் தாங்கும். நேராகக் காற்றை வாங்க அதில் முக்கோணச் சுவர் இல்லை. தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் தனியாக நீட்டுவதில்லை. நீட்டினால் காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கும். கூடுதல் நிழல் வேண்டிய இடத்தில் தனித் திண்ணைக்கூரை போட்டு, அதைப் பிரதானக் கூரையோடு பிணைக்காமல் விடுகிறோம். அது போனாலும் வீடு நிற்கும். கைமரம், சுவர்த்தலைக் கட்டை, தூண், அடித்தளம் ஆகிய நான்கும் ஒரே தொடராகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் கட்டு விட்டதோ அந்த இடத்தில்தான் கூரை பறக்கும். முக்கியமான இந்தக் கட்டுகளில் கயிற்றோடு துருப்பிடிக்காத பட்டைக் கம்பியும் போடுகிறோம். இயற்கைப் பொருள் என்ற பிடிவாதத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிட்டோம், உயிர் சம்பந்தப்பட்டது. புரட்டாசியில் கூரை மேல் பழைய மீன்வலையை விரித்துக் கட்டிவிடுகிறோம். வலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, ஓலையை அது அப்படிப் பிடித்துக்கொள்கிறது.

தண்ணீருக்கு: பீடம் மட்டும்தான் பதில். ஊரில் பெரியவர்கள் நினைவிலுள்ள உச்ச வெள்ள மட்டத்தைத் தூணில் குறித்து, அதற்கு மேல் தரை வைத்திருக்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் விருந்தினர் யாரும் இங்கே தங்க மாட்டார்கள், நாங்களும் மாட்டோம். எல்லோரும் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுவோம்.

ஓலைக் கூரை தீப்பிடிக்காதா?

பிடிக்கும், மறைத்துச் சொல்ல மாட்டேன். சமையலறை ஓட்டுக் கூரையோடு தள்ளித் தனியாக இருக்கிறது. அறைக்கும் அறைக்கும் நல்ல இடைவெளி. கூரையின் உட்புறம் வைக்கோல் கலந்த களிமண் பூச்சு. மின்கம்பி எதுவும் ஓலையைத் தொடாமல் குழாய்க்குள் போகிறது. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வழி. அறைக்குள் கொசுவர்த்திச் சுருள் கூடாது, அதற்குப் பதிலாகக் கொசுவலை உண்டு.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை என்ன செய்தீர்கள்?

அதை உடைக்கவே கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் தரக்கூடியது. முழுதும் நனைத்து, ஆணியைக் கழற்றி, முழு ஷீட்டாகவே இறக்கி, தடிமனான பிளாஸ்டிக் தாளில் சுற்றினோம். வேலை செய்தவர்கள் சாதாரணத் துணி முகமூடி அல்ல, நுண்துகளைத் தடுக்கும் முகமூடி போட்டிருந்தார்கள். ஆபத்தான கழிவு கையாளும் இடத்துக்குத்தான் இது போக வேண்டும். ஏரி ஓரத்தில் புதைப்பதும், இறால் குட்டைக்கு மேல் போட இலவசமாகக் கொடுப்பதும் பாவம். இதை மட்டும் யாரும் மலிவாக முடிக்க நினைக்காதீர்கள்.

கழிப்பறை?

நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் உறிஞ்சு குழி வெட்டினால், கழிவு நேராகக் கிணற்றுக்கும் ஏரிக்கும் போகும். ஆகவே தரைக்கு மேல் அறை கட்டி, மலமும் சிறுநீரும் தனித்தனியாகச் சேரும் உலர் கழிப்பறை வைத்தோம். திருச்சி மாவட்டம் முசிறியில் இந்த முறையைப் பொது இடத்திலேயே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். சாம்பல் தூவினால் வாடை இருக்காது. குளியல் நீர் கல்வாழைப் பாத்தி வழியாகத் தோட்டத்துக்குப் போகிறது. சோப்பை நாங்களே தருகிறோம், சொந்த ஷாம்பூ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அனுமதி வேண்டுமா?

கட்டாயம். ஏரி சரணாலயம், அதோடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் கட்டடத்தை அதே அடித்தளப் பரப்புக்குள் பழுது பார்ப்பதற்கும், புதிதாகக் கட்டுவதற்கும் விதியில் பெரிய வேறுபாடு உண்டு. பழைய அளவைப் படத்தோடு ஆவணப்படுத்திய பிறகுதான் எதையும் இடியுங்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வனத்துறையும் மாறும், பஞ்சாயத்தும் மாறும்.

செலவு குறையுமா?

பொருட்செலவு குறையும், கூலி கூடும். நாங்கள் விரும்பியே எடுத்த முடிவு அது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் போகும் பணம் ஊரைவிட்டுப் போய்விடும். கூரை வேய்பவருக்கும், ஓலை முடைபவருக்கும், சாந்து அரைப்பவருக்கும் கொடுப்பது இங்கேயே சுழலும். ஒவ்வொரு வருடமும் வேலை இருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த வேலை இருப்பதால்தான் இளைஞர்கள் கரணை பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

வேலையை யார் யாருக்குப் பிரிக்கிறீர்கள்? சண்டை வராதா?

வரும், பேசித் தீர்ப்போம். இந்த ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரிக்கும் பாடு வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. விடுதி வேலையிலும் அதையே பின்பற்றுகிறோம். விருந்தினருக்குச் சமைப்பது, படகு ஓட்டுவது போன்ற வருமானமுள்ள வேலையும், சுண்ணாம்புத் தொட்டி, கழிப்பறை போன்ற கஷ்டமான வேலையும் சுற்றில் வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. இதை நிறைவேற்ற நிறையப் பேச வேண்டியிருந்தது, இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. கணக்கு முழுவதும் கூட்டத்தில் வாசிக்கப்படும், பலகையிலும் எழுதப்படும்.

ஏ.சி. உண்டா?

இல்லை. தடித்த சுவரும் ஓலைக் கூரையும் எதிரெதிர் சன்னலும் இருக்கின்றன. பிற்பகலில் கடற்காற்று எழும். அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரைகள் இருக்கும் காலத்தில் இரவில் ஏரிப்பக்க விளக்குகளையும் அணைத்துவிடுவோம். முன்பதிவின்போதே இதையெல்லாம் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஊரிலும் இப்படிச் செய்ய வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒரே ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊரிலுள்ள வயதான கொத்தனாரையும் கூரை வேய்பவரையும் தேடிப் பிடித்து, அவர்களுக்குப் பக்கத்தில் இரண்டு இளைஞர்களைக் கூலியோடு நிறுத்துங்கள். ஆவணியிலேயே சுண்ணாம்பை நீற்றி ஊறப் போட்டுவிடுங்கள், தையில் பூசத் தயாராக இருக்கும். முடித்த அறையில் ஒரு மழைக்காலம் முழுவதும் விருந்தினரை விடாமல் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்த மூலையில் உப்பு பூக்கிறது, எந்தக் கட்டு தளர்கிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேட்டைக் கூட்டத்தில் வைத்து வாசித்த பிறகு அடுத்த அறையில் கை வையுங்கள். எங்கள் குறிப்பேடு வேண்டுமென்றால் நேரில் வந்து பார்க்கலாம், தொட்டியில் ஊறும் சுண்ணாம்பையும் எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம்.